நம்பிக்கை குறைவு

பிரிஞ்சாங்
9 ஜூன் 2021

அன்புள்ள தங்கச்சி யுவனேஸ்வரிக்கு அண்ணன் நாகரத்தினம் எழுதுவது.

நானும் உன் அண்ணியும் நல்லா இருக்கோம். அப்பா எஸ்டேட் லயத்துலயேதான் இருக்கார். டவுனுக்கு வாங்கன்னா வர மாட்டேங்கிறார், சக்கரை மாத்திரையை மட்டும் ஒழுங்கா போடுறார். நீ வேளைக்குச் சாப்பிடுறியா, அதை முதல்ல எழுது.

போன் இருக்கும்போது இவன் ஏன் கடுதாசி எழுதுறான்னு நினைப்ப. போன்ல நாம பேசினா பத்தாவது நிமிஷம் சண்டை. அதோட, போன்ல சொன்னதை நாளைக்கு ரெண்டு பேருமே மாத்திச் சொல்லுவோம். எனக்கு இந்த விஷயம் எழுத்துல வேணும், கீழ உன் கையெழுத்தோட. மாநிலம் விட்டு மாநிலம் போக ஆளுக்குத்தான் தடை, காய்க்கு இல்ல. என் லோரி ஓட்டுற அர்ஜுனன் இதையும் ஒரு பை காயையும் உன் அடுக்குமாடி காவல்காரர்கிட்ட கொடுப்பான். பதிலை அவன்கிட்டயே கொடுத்தனுப்பு.

விஷயத்துக்கு வரேன். அப்பா லயத்துக்குப் பக்கத்து லயத்துல ஒம்பது பேருக்கு கோவிட். ஒரு புழு மாத்திரை இருக்குல்ல, ஆடு மாட்டுக்கும் மனுசனுக்கும் கொடுக்கிறது, அதைச் சாப்பிட்டா கோவிட்ல சாக மாட்டாங்கன்னு எல்லார் போன்லயும் வருது. ஈப்போவுல ஒருத்தன் நாப்பது பெட்டி வெச்சிருக்கான். சொன்னா நாளைக்கே ஏத்தி விடுவான். எஸ்டேட் ஆளுங்க என் காய்க்கடைக்கு வந்து, என்னைப் பெரிய முதலாளியாக்கி, "தவுக்கே, மாத்திரை வந்துச்சா லா?"ன்னு கேக்குறாங்க. அப்பாவே கேக்குறார்.

உன் வேலையே இதுதானே. உலகத்துல எவன் எவன் என்ன ஆராய்ச்சி பண்ணியிருக்கான்னு சலிச்சு எடுத்து, முடிவு எடுக்கிறவங்களுக்கு ரெண்டு பக்கத்துல எழுதிக் கொடுக்கிறோம்னு அம்மா காரியத்தப்ப சொன்ன. எனக்கு ரெண்டு பக்கம் வேணாம். அப்பாவுக்குக் கொடுக்கலாமா, கூடாதா? ஒரு வார்த்தை. லயத்து ஆளுங்களுக்குன்னு தனியா ஒரு தாள் தமிழ்ல எழுதி வை. கோயில் தலைவர் மாடசாமி மைக்குல படிச்சிடுவார். ராமையா கங்காணி மக எழுதினதுன்னா கேப்பாங்க.

சலிக்கும்போது ஒண்ணு பாத்துக்க. எனக்குக் காய் விக்க வர்றவன் எவனும் கூடையில மேல் அடுக்கை அழகாத்தான் அடுக்கியிருப்பான். நான் கூடையைக் கவுத்துத்தான் பாப்பேன்.

அப்பாவுக்கு ஊசித் தேதி வந்திருச்சு. ஜூலை 14, தானா ராத்தா மண்டபம். "பாப்போம்"ங்கிறார்.

உன் பதிலைப் பாத்துத்தான் மேற்கொண்டு எதுவும்.
அண்ணன்


கோலாலம்பூர்
22 ஜூன் 2021

அன்புள்ள அண்ணனுக்கு யுவனா எழுதுகிறேன்.

நான் சுகம். உங்கள் கீரை வந்த நாட்களில் வேளைக்குச் சாப்பிட்டேன். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

பதிமூன்று நாள் ஆகிவிட்டது, தெரியும். நீங்கள் கேட்ட அதே கேள்வி அதே வாரத்தில் எங்கள் மேசைக்கும் வந்தது. ஆறு பேர், பத்து நாள். மற்ற காலத்தில் ஒரு வருடம் எடுத்துச் செய்யும் வேலை இது. நானூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகள் கிடைத்தன. ஒவ்வொன்றையும் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் காட்டாமல் படிப்போம், ஒத்துவராவிட்டால் மூன்றாவது ஆள் தீர்ப்பார். கடைசியில் நின்றவை பதினான்கு.

ஒரு வார்த்தையில் சொல்ல வரவில்லை அண்ணே. பதினான்கையும் சேர்த்தால் இறப்பு குறைவது போலத் தெரிகிறது. ஆனால் பெரும்பாலானவை சின்ன ஆய்வுகள், அவசரத்தில் செய்தவை. இப்படி வந்தால் நாங்கள் "நம்பிக்கை குறைவு" என்று குறிப்போம். அதிகம், நடுத்தரம், குறைவு, மிகக் குறைவு என்று நாலு தரம், நீங்கள் காயைப் பிரிப்பது போல. குறைவு என்றால், நாளைக்கே ஒரு நல்ல ஆய்வு வந்தால் எங்கள் முடிவு தலைகீழாகலாம் என்று பொருள். ஊசிக்கு அப்படி இல்லை, அதில் நம்பிக்கை அதிகம். அப்பாவை 14ஆம் தேதி கட்டாயம் கூட்டிப் போங்கள். பெட்டிகளை வாங்காதீர்கள்.

லயத்துக்கான தாள் இத்துடன் இருக்கிறது. இரண்டு கூட்டங்களுக்கு நடுவில் எழுதினேன். அதில் உள்ளது இவ்வளவுதான்:

"இந்த மாத்திரை கோவிட் நோயால் வரும் இறப்பைக் குறைக்கலாம். ஆனால் நம்பிக்கை குறைவு. மருத்துவரைக் கேட்காமல் உட்கொள்ள வேண்டாம். தடுப்பூசிக்குத் தேதி வந்தவர்கள் தவறாமல் போட்டுக்கொள்ளவும்."

கையெழுத்துப் போட்டிருக்கிறேன், நீங்கள் கேட்டபடி.

அப்பாவின் சர்க்கரை அளவை அடுத்த முறை எழுதுங்கள்.
யுவனா


பிரிஞ்சாங்
2 ஜூலை 2021

அன்புள்ள யுவனாவுக்கு அண்ணன் எழுதுவது.

உன் சுகம் படிச்சேன். இங்கயும் சுகம். அப்பாவுக்குச் சக்கரை எட்டு புள்ளி நாலு. மழையில நனைஞ்சுக்கிட்டே கோயிலுக்குப் போறார், சொன்னா கேக்கல.

பெட்டியை வாங்காதேன்னு எழுதியிருந்த. உன் கடுதாசி வரதுக்கு முந்தியே வாங்கிட்டேன். யாவாரி பதிமூணு நாள் கையக் கட்டிக்கிட்டு இருக்க முடியாது. ஆனா விக்கல, ஸ்டோர்ல பூட்டித்தான் வெச்சிருந்தேன்.

மாடசாமி உன் தாளை மைக்குல மூணு தடவை படிச்சார். நான் அப்ப கடையில. மறுநாளே லயத்துல இருந்து ஆளுங்க வந்து நின்னுட்டாங்க. தாள்ல டாக்டரைக் கேக்கச் சொல்லியிருக்குன்னேன். "கங்காணி மகளே எழுதிருச்சு, அதுக்கு மேல என்ன டாக்டர், எடுங்க தவுக்கே"ங்கிறாங்க. அப்பாவுக்குப் பக்கத்து வீட்டு பழனியப்பண்ணன் பொண்டாட்டி செல்லத்தோட வந்து முதல் ஆளா வாங்கினார். நாப்பதுல பாதிப் பெட்டி போயிருச்சு. அப்பா ரெண்டு அட்டை எடுத்துக்கிட்டார்.

ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. அப்பா ஊசி வேணாம்ங்கிறார். ஏன்னா, "எனக்கு நம்பிக்கை நெறய இருக்குடா"ங்கிறார். ஊசிக்கும் நம்பிக்கைக்கும் என்னப்பா சம்பந்தம்னு கேட்டேன். "உனக்குப் புரியாது. நீ ஆடிப் பூசைக்கே கடையைச் சாத்தாதவன்"ங்கிறார்.

அவருக்கு நீயே ஒரு வரி எழுது. என் பேச்சு எடுபடாது.

உடம்பப் பாத்துக்க. முகக்கவசம் மூக்குக்கு மேல இருக்கட்டும்.
அண்ணன்


கோலாலம்பூர்
5 ஜூலை 2021

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். அப்பா சொன்னதாக நீங்கள் எழுதிய வாக்கியத்தை மூன்று தடவை படித்தேன். மாடசாமி அண்ணன் தாளில் இருந்ததை மட்டும் படித்தாரா, கூடவே விளக்கமும் சொன்னாரா? அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். இது அவசரம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கூடையைக் கவிழ்த்துப் பார் என்று எழுதியிருந்தீர்களே. பதினான்கில் மிகப் பெரிய ஆய்வின் நோயாளிப் பட்டியலைக் கேட்டு வாங்கினோம். வயது, எடை, எத்தனையாவது நாள் காய்ச்சல் எல்லாம் வரிசையாக இருந்தது. முப்பதாவது வரிக்குப் பிறகு அதே ஆட்கள் மறுபடி வருகிறார்கள். அதே வயது, அதே எடை. அறுபதுக்குப் பிறகு இன்னொரு தடவை. ஒரே கூடையை மூன்று முறை எடை போட்டிருக்கிறார்கள். அந்த ஆய்வை எடுத்துவிட்டால், இறப்பு குறைவது போன்ற தோற்றமே போய்விடுகிறது.

எங்கள் ரெண்டு பக்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். லயத்துக்கும் வேறு தாள் எழுதுகிறேன். அதுவரை யாருக்கும் மாத்திரை கொடுக்காதீர்கள். அப்பாவிடம் இருக்கும் அட்டைகளை வாங்கிவிடுங்கள். 14ஆம் தேதியை விட்டுவிடாதீர்கள்.

அப்பா எப்படி இருக்கிறார்?
யுவனா


பிரிஞ்சாங்
19 ஜூலை 2021

அன்புள்ள யுவனாவுக்கு அண்ணன் எழுதுவது.

இங்க எல்லாரும் அவங்கவங்க இடத்துல இருக்கோம். நீ உடம்பப் பாத்துக்க.

உடனே பதில் எழுத முடியல. கோஸ் வேலை. திரிங்காப்புல இந்த வாரம் கோஸ் குமிஞ்சு போச்சு. கோலாலம்பூர் பாசார்ல பாதிக் கடை சாத்திட்டான், கோஸ் இறக்க ஆளில்ல. ரெண்டு லோரி கோஸ் அப்படியே திரும்பி மலையேறி வந்துச்சு. சில பேர் கோஸைத் தோட்டத்துலயே உழுது விட்டுட்டான். மழையில நின்ன கோஸ் உள்ளுக்குள்ள அழுகும், வெளிய தெரியாது, கையில தூக்கினாத்தான் கனம் கொறஞ்சது தெரியும். கியா பார்ம் ஸ்ட்ராபெரிக்காரன் பாடு இன்னும் மோசம், வாங்க ஒரு டூரிஸ்ட் இல்ல. அர்ஜுனனுக்குச் சோதனை பண்ணியாச்சு, ஒண்ணும் இல்ல. பையில ரெண்டு கோஸ் வெச்சிருக்கேன், நல்லதாப் பாத்து எடுத்தது.

மாடசாமி என்ன சொன்னார்னு கேட்டிருந்த. பாக்கும்போது கேக்குறேன்.

வேலை அதிகம். இத்தோட நிறுத்துறேன்.
அண்ணன்


கோலாலம்பூர்
21 ஜூலை 2021

அண்ணே,

உங்கள் கடிதத்தில் கோஸ் ஏழு இடத்தில் வருகிறது. அப்பா ஒரு இடத்திலும் இல்லை.

எனக்கு வேலையே இதுதான். ஒரு கட்டுரையில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதைவிட எதை எழுதாமல் விட்டிருக்கிறார்கள் என்று முதலில் பார்ப்போம். 14ஆம் தேதியைப் பற்றி எழுதவில்லை. அட்டைகளை வாங்கினீர்களா என்று எழுதவில்லை. நான் போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. அண்ணி எடுத்து, நீங்கள் குளிப்பதாகச் சொல்கிறார், ஒரே நாளில் நாலு தடவை. அப்பாவின் போன் பத்து நாளாக அணைந்து கிடக்கிறது.

அப்பா எங்கே?

யுவனா


பிரிஞ்சாங்
24 ஜூலை 2021

யுவனா,

அப்பா உயிரோட இருக்கார். அதை முதல்ல படிச்சிட்டு அப்புறம் மத்தத படி.

எட்டாம் தேதி காய்ச்சல். வெளிய சொல்லாம மாத்திரையைப் போட்டுக்கிட்டே இருந்திருக்கார். பத்தாம் தேதி மூச்சு வாங்குதுன்னு செல்லம் போன் பண்ணுச்சு. தானா ராத்தாவுக்குக் கொண்டு போனேன், அங்கிருந்து ஈப்போவுக்கு அனுப்பிட்டாங்க. ஊசித் தேதி வந்தப்ப அவர் ஆக்சிஜன்ல. நேத்துலேருந்து குழாயைக் குறைக்கிறாங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார், கை காட்டினதா, என்னை வீட்டுக்குப் போகச் சொன்னாரான்னு தெரியல.

கோஸ் கடுதாசி ஆஸ்பத்திரி வாசல்ல காருக்குள்ள உக்காந்து எழுதினது. உள்ள விடல, செய்யறதுக்கு வேற ஒண்ணும் இல்ல.

ஏன் மறைச்சேன்னா, முதல் நாள் நர்ஸு அவர் சாமானை ஒரு பிளாஸ்டிக் பையில போட்டுக் கொடுத்துச்சு. கைக்கடிகாரம், பல்செட்டு, நாலா மடிச்ச உன் தாள். சட்டைப் பையில வெச்சிருந்திருக்கார். அதை உனக்கு எழுத எனக்குக் கை வரல. வேற எதையும் நான் மறைக்கிறவன் இல்ல, உனக்கே தெரியும்.

மாடசாமியைக் கேட்டுட்டேன். அந்தாளு உன் தாளை ஒரு எழுத்து விடாமத்தான் படிச்சிருக்கார். படிச்சு முடிச்சிட்டு, "கங்காணி மக என்ன சொல்லுதுன்னா, மாத்திரை சாவைக் குறைக்கும். ஆனா நமக்கு நம்பிக்கை குறைவு. அதனால ஆத்தாளைக் கும்பிட்டு முழு நம்பிக்கையோட சாப்பிடுங்க"ன்னு சொல்லியிருக்கார். "வேற என்னங்க அர்த்தம் அதுக்கு?"ன்னு என்னையே கேக்குறார். நானும் தாளைப் படிச்சவன்தான், அந்த வார்த்தை எனக்கும் உறுத்தல.

பழனியப்பண்ணன் பன்னெண்டாம் தேதி போயிட்டார். அப்பாவுக்கு ரெண்டு நாள் முந்திப் படுத்தவர். அதே மாத்திரை, என் ஸ்டோர் மாத்திரை. அடக்கத்துக்கு அஞ்சு பேரைத்தான் விட்டாங்க, நான் ஒருத்தன். இப்ப லயத்துல என்ன பேச்சுன்னா, அவருக்கு நம்பிக்கை பத்தலையாம். செல்லத்தோட காது படவே சொல்றாங்க. தண்ணிக்குழாய்கிட்ட ஒருத்தி, "உன் வீட்டுக்காரர் மனசுல என்ன இருந்துச்சோ"ன்னு கேட்டிருக்கா.

தப்பு யாரோடதுன்னு பிரிச்சா, வார்த்தை உன்னுது, பெட்டி என்னுது. நீ தனியா தூக்கிக்கிட்டு அலையாதே.

அண்ணன்


கோலாலம்பூர்
27 ஜூலை 2021

அன்புள்ள அண்ணனுக்கு,

வார்டுக்குப் போன் செய்து கேட்டேன். அப்பா இன்று கஞ்சி குடித்தாராம், உப்பு போதாது என்றாராம்.

எங்கள் மேசையில் நம்பிக்கை என்றால், எங்கள் முடிவு மாறாது என்று எங்களுக்கு இருக்கும் உறுதி. லயத்தில் நம்பிக்கை என்றால் ஆத்தா. நான் அந்த லயத்தில் பிறந்து பதினெட்டு வருடம் இருந்தவள். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். யாருடைய நம்பிக்கை, எதன்மேல் என்று எழுதாமல் விட்டேன். தமிழில் அப்படி விட்டாலும் வாக்கியம் நிற்கிறது. கேட்டவர்கள் தங்களுடையதைப் போட்டு நிரப்பிக்கொண்டார்கள்.

புதிய தாள் இது. வார்த்தைகளைக் கூட்டத்தில் வைத்தேன். "தெரியாது என்று எழுதவா நமக்குச் சம்பளம்?" என்றார் ஒரு மூத்தவர். தெரியாததைத் தெரியாது என்று சீக்கிரம் சொல்வதற்கும்தான் என்றேன். விட்டுவிட்டார்.

"இந்த மாத்திரை கோவிட்டில் உயிரைக் காக்குமா என்று எங்களுக்குத் தெரியாது. முன்பு எழுதிய தாள் தவறு, கிழித்துவிடவும். மாத்திரை சாப்பிட்டு இறந்தவர் மீது எந்தக் குறையும் இல்லை. ஊசி உயிரைக் காக்கும் என்பது எங்களுக்குத் தெரியும்."

மூன்றாவது வரி செல்லம் அக்காவுக்காக. ஆய்வுக்குறிப்பில் அதற்கு இடமில்லை, லயத்துத் தாளில் இருக்கட்டும்.

நீங்கள் சாப்பிடுகிறீர்களா?
யுவனா


பிரிஞ்சாங்
22 ஆகஸ்ட் 2021

அன்புள்ள யுவனாவுக்கு அண்ணன் எழுதுவது.

எனக்குச் சுகம், அண்ணிக்குச் சுகம். அப்பா வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆச்சு. என் வீட்டுக்கு இல்ல, லயத்துக்கே. பத்தடி நடந்தா நின்னு மூச்சு வாங்கறார், ஆனா நடக்குறார்.

அதுதான் இப்ப பிரச்சினை. புதுத் தாளை மாடசாமி படிச்சார், இந்தத் தடவை விளக்கம் இல்லாம. அப்பா வர்றதுக்கு முந்தி கொஞ்ச பேர் ஊசிக்குப் பேர் கொடுத்திருந்தாங்க. இவர் கார்லேருந்து இறங்கி நடந்தாரு பாரு, முடிஞ்சது கதை. மாத்திரைதான் கங்காணியைக் காப்பாத்துச்சுன்னு ஒரே பேச்சு. தாள் தெரியாதுங்குது, கங்காணி எதிர்ல நடந்து வர்றார். ஜனம் எதை எடுத்துக்கும்? பழனியப்பண்ணன் வந்து எதிர்ப்பேச்சு பேசப் போறதில்ல. பேர் கொடுத்தவங்கள்ல பாதிப் பேர் பேரை எடுத்துட்டாங்க. மறுபடி என் கடை வாசல்ல நிக்கிறாங்க. மீதி இருபது பெட்டியையும் நான் கிளினிக்குல ஒப்படைச்சாச்சு, இல்லன்னா கதவை உடைச்சிருப்பாங்க.

செப்டம்பர் 4, சனிக்கிழமை, தானா ராத்தாவுல எஸ்டேட் ஆளுங்களுக்குன்னு ஒரு நாள் ஒதுக்கியிருக்காங்க. அப்பா லயத்துப் பக்கம் மட்டும் ஊசி போடாதவங்க அறுபத்திமூணு பேர். லோரி நான் விடுறேன், போலிஸ்கிட்டயும் எழுதி வாங்கிட்டேன். ஏற ஆள் வேணுமே.

அப்பாகிட்ட கேட்டேன். "மைக்குல ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா, மாத்திரையாலதான் பொழச்சேனான்னு எனக்குத் தெரியாதுன்னு."

"நான் தெரியாதுன்னு சொல்றதா? முப்பது வருஷம் எரநூறு பேரை வேலை வாங்கினவன்டா நான். துரைகிட்டகூட அந்த வார்த்தையைச் சொன்னதில்ல."

"ஆஸ்பத்திரியில அத்தனை நாள் ஆக்சிஜன் கொடுத்தாங்களே?"

"அது காத்துடா. காத்து எல்லாருக்கும்தான் இருக்கு."

செல்லம் அப்பாவுக்குக் கஞ்சி கொண்டு வந்து வெச்சிட்டுப் போகுது. அது போறதை அவர் பாக்குறார்.

உனக்கு ஏதாச்சும் வழி தெரிஞ்சா எழுது. எனக்குத் தெரியல.
அண்ணன்


கோலாலம்பூர்
25 ஆகஸ்ட் 2021

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். ஒருவர் பிழைத்தது ஆதாரம் ஆகாது என்று அப்பாவிடம் சொல்லாதீர்கள். சொன்னால் கோபம்தான் வரும். வாதாட வேண்டாம், வேலை கொடுங்கள்.

நாங்கள் நானூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகளில் தேடியது நாலே நாலு எண். மாத்திரை சாப்பிட்டவர்களில் பிழைத்தவர் எத்தனை, இறந்தவர் எத்தனை. சாப்பிடாதவர்களில் பிழைத்தவர் எத்தனை, இறந்தவர் எத்தனை. லயத்தில் கோவிட் வந்த எல்லாரையும் பெயர் சொல்லி எண்ணி, அந்த நாலையும் எனக்கு எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஒருவர்கூட விட்டுப்போகக் கூடாது, இறந்தவர் உட்பட. காலையில் நின்று பெயர் கூப்பிட்டு ஆள் எண்ணும் பெரட்டு அவர் எடுத்ததுதானே. இதை அவரைவிடச் சரியாக எடுக்க என் பிரிவில் ஆறு பேருக்கும் வராது. மகள் கேட்டாள் என்று சொல்லுங்கள்.

அவ்வளவு சின்னக் கணக்கிலிருந்து எதுவும் நிரூபணம் ஆகாது. அதை அவரே பார்க்கட்டும்.

மூச்சு வாங்கினால் உட்கார்ந்து எடுக்கச் சொல்லுங்கள்.
யுவனா


பிரிஞ்சாங்
5 செப்டம்பர் 2021

அன்புள்ள தங்கச்சிக்கு அண்ணன் எழுதுவது.

எல்லாரும் சுகம். மழை விட்டிருக்கு. நீ இளைச்சுப் போயிட்டன்னு அர்ஜுனன் சொல்றான். காவல்காரர் வாசல்ல ரெண்டு நிமிஷம் பாத்தவன் சொல்றதை நம்பலாமான்னு தெரியல, சாப்பிடு.

உன் கடுதாசியை அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். "நாலு எண்ணுதானே, இதுக்கா ஆறு பேரு?"ன்னாரு. மறுநாளே ஆள் பேர் பதியற பழைய செக்ரோல் மாதிரி கோடு போட்ட நோட்டு ஒண்ணு வாங்கி வரச் சொன்னார். வீடு வீடா நடக்க உடம்பு இடம் கொடுக்கல. அதனால வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயில்ல நாற்காலி போட்டு உக்காந்து, மைக்குல பெரட்டு எடுத்தார். ஆளுங்க அவங்கவங்க வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு பதில் சொல்லணும். படுத்தவன் பேரு, மாத்திரை சாப்பிட்டானா இல்லையா. எல்லாம் பழைய அதட்டல்தான். ஒருத்தன் ரெண்டு வார்த்தை கூடப் பேசினான், "கேட்டதுக்குப் பதில் சொல்லு, கதை உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு"ன்னாரு. லயமே சிரிச்சுச்சு.

மூணாவது லயத்துப் பேருக்கு வந்தாரு. "பழனியப்பன்"னு கூப்பிட்டாரு. இன்னொரு தடவை கூப்பிட்டாரு. செல்லம் வாசல்ல வந்து நின்னு சொல்லுச்சு, "சாப்பிட்டாருங்க. ஒரு வேளை விடல. ஒவ்வொரு வேளையும் திருநீறு பூசிக்கிட்டுத்தான் வாயில போட்டாரு."

அப்பா எழுதிக்கிட்டார். எழுத ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டார்.

உன் நாலு எண் இந்தா. மாத்திரை சாப்பிட்டவங்க இருபத்திமூணு, பொழச்சது இருபத்தொண்ணு, போனது ரெண்டு. சாப்பிடாதவங்க பதினஞ்சு, பொழச்சது பதினாலு, போனது ஒண்ணு. தன் பேரையும் அவரே கூப்பிட்டு, அவரே "சாப்பிட்டேன்"னு பதில் சொல்லி எழுதிக்கிட்டார்.

அப்புறம் நோட்டை மூடாம அதையே பாத்துக்கிட்டு இருந்தார். மாடசாமி மைக்கை வாங்கக் கையை நீட்டினார், கொடுக்கல. பேச வந்தார், வெறும் மூச்சுச் சத்தம்தான் லயம் பூரா கேட்டுச்சு. தண்ணி குடிச்சிட்டு மறுபடி சொன்னார்.

"சாப்பிட்டவன்லயும் போயிருக்கான். சாப்பிடாதவன்லயும் பொழச்சிருக்கான். பழனியப்பன் என்னைவிட நல்லாத்தான் சாமி கும்பிட்டான். நான் எதால பொழச்சேன்னு எனக்குத் தெரியாது." நோட்டை மூடிட்டு, "நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு லோரி வரும். பெரட்டு நான்தான் எடுப்பேன்"னாரு.

செல்லம் கதவைச் சாத்தாம உள்ள போச்சு.

காலையில அறுபத்திமூணுல நாப்பத்தெட்டுப் பேர் ஏறினாங்க. பதினஞ்சு பேர் வரல. அந்தப் பேரையெல்லாம் நோட்டுல தனியா எழுதி வெச்சிருக்கார், இன்னிக்கு உக்காந்து உக்காந்து மெதுவாப் போய்க் கதவைத் தட்டப் போறாராம். அவருக்கு இன்னும் மூணு மாசம் கழிச்சுத்தான் ஊசின்னு டாக்டர் சொல்லியிருக்கார். அந்தத் தேதியையும் நோட்டுல எழுதிக்கிட்டார்.

நோட்டை உனக்கு அனுப்பச் சொன்னேன். தர மாட்டேனுட்டார். "அவளுக்கு வேணும்னா ரோடு திறந்ததும் வந்து பாத்துக்கட்டும்"ங்கிறார்.

வா.

அண்ணன் நாகரத்தினம்